வயல் ஓய்ந்த ஐந்து மாதம்
திருவாரூர் மாவட்டச் சிறு விவசாயிக்குக் கைகொடுக்கும் மாடும் மீன் குட்டையும்

தை மாதம் சம்பா அறுவடை முடிகிறது. நெல் விற்ற பணம் கைக்கு வருகிறது. வந்த வேகத்திலேயே அறுவடை இயந்திர வாடகை, உரக்கடைப் பாக்கி, நகைக் கடன் வட்டி என்று பிரிந்து போகிறது. மாசியில் வயலில் நிற்பது உளுந்தும் பயறும்தான். அதையும் எடுத்துவிட்டால் மறுபடி ஆற்றில் தண்ணீர் வரும் வரை நிலத்திலிருந்து ஒரு காசு வராது.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அணையின் நீர்மட்டத்தை நம்பி அரிசிப் பானையை அடுப்பில் வைக்கும் நிலைமை ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரருக்கு எவ்வளவு கடினம் என்பதை நமது டெல்டா நண்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஐந்து மாத இடைவெளியை நிரப்பக் கூடியவை கொட்டிலில் நிற்கும் மாடும், கொல்லையில் கிடக்கும் குட்டையும்தான். ஆனால் மாடு வாங்கியவர்கள் எல்லோரும் லாபம் கண்டார்களா என்றால் இல்லை. கடன் வாங்கி மாடு பிடித்து, இரண்டே வருஷத்தில் அதைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளியவர்களையும் பார்க்கிறோம். பெரும்பாலும் குறை மாட்டில் இல்லை, பராமரிப்பில்தான். அது எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தெற்கத்தி மாடும் கலப்பின மாடும்

நமது பகுதிக்கென்று சொந்த இனம் ஒன்று உண்டு. அதுதான் உம்பளாச்சேரி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கத்திலுள்ள உம்பளாச்சேரி கிராமத்தின் பெயரைக் கொண்டது. தெற்கத்தி மாடு, மோழை மாடு என்றும் சொல்வார்கள். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் வெள்ளைச் சுட்டியும், காலில் வெள்ளை வளையமும் இதன் அடையாளம். முழங்கால் சேற்றில் சளைக்காமல் உழுவதற்கென்றே வந்த இனம். டிராக்டர் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. பசு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர், இரண்டரை லிட்டர்தான் கறக்கும். ஆனால் வைக்கோலைத் தின்று வயல்வெளியில் மேய்ந்தே உயிர் வாழும். நோய் நொடி குறைவு. இருக்கிற நண்பர்கள் இதை விட்டுவிடக் கூடாது. திருவாரூர் மாவட்டத்தில் கொருக்கை அரசுப் பண்ணையில் இந்த இனத்தைப் பாதுகாத்து வருகிறார்கள்.

பால் விற்றுக் குடும்பம் நடத்த வேண்டும் என்றால் கலப்பினப் பசுதான் பொருந்தும். சமவெளிக்கு ஜெர்சி கலப்பினம் போதும். உருவம் பெரிதாகவும் பால் அதிகமாகவும் இருக்கிறது என்று பிரீசியன் இரத்தம் மிகுந்த மாட்டை ஓட்டி வந்தால், சித்திரை வெயிலில் அது மூச்சு வாங்கி நிற்கும். தீனி எடுக்காது; பாலும் குறையும்; சினையும் நிற்காது.

மாடு பிடிக்கும்போது தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன், மூன்று நேரம் கறந்து பார்த்து வாங்குவது நலம். முதல் நாள் மாலை, மறுநாள் காலை, மறுநாள் மாலை என்று கறக்கச் சொல்ல வேண்டும். ஒரு நேரம் கறக்காமல் மடியை நிரப்பி வைத்து விற்கும் தந்திரம் இதில் வெளிப்பட்டுவிடும். நான்கு காம்பிலும் பால் சீராக வருகிறதா, மடியில் கட்டி தட்டுகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவும். இரண்டாவது ஈற்று, மூன்றாவது ஈற்று மாடே மேல். எடுத்த எடுப்பில் இரண்டு மாடு வேண்டாம். ஒன்றை வாங்கி, ஆறு மாதம் கழித்து அடுத்ததை வாங்கினால், ஒன்று பால் வற்றும்போது மற்றொன்று கறவையில் இருக்கும். பால் சங்கத்துப் பணம் நிற்காது.

இருபத்தோரு நாள் கணக்கு

பால் மாட்டில் நஷ்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், தீவன விலையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதுதான் பருவம் தவறுவது.

பசு சினைப்பட்டு ஈன ஏறத்தாழ 280 நாள் ஆகிறது. கன்று ஈன்ற 90 நாளுக்குள் மறுபடி சினைப்பட்டுவிட்டால், 370 நாளில் அடுத்த கன்று. வருஷத்துக்கு ஒரு கன்று, ஒரு கறவை. பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வரும். ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 21 நாள் வீண். மூன்றை விட்டால் 63 நாள். அந்த 63 நாளும் மாடு சும்மா நின்று தின்கிறது. நாளுக்கு 2 கிலோ தீவனம் என்று வைத்தாலும் 126 கிலோ! வைக்கோல் தனி. அடுத்த கறவை இரண்டு மாதம் தள்ளிப் போவதால் வரும் இழப்பு அதற்கும் மேல்.

எங்கள் வீட்டுக் கொட்டிலிலேயே இது நடந்தது. ஒற்றைப் பசு. வைகாசியில் கன்று போட்டது. நடவு வேலையில் யாரும் கவனிக்கவில்லை. 'மாடு கத்தவே இல்லை' என்று ஐப்பசி வரை இருந்தோம். கால்நடை டாக்டர் வந்து கையை விட்டுப் பார்த்து, கருப்பை நன்றாகத்தான் இருக்கிறது, பருவமும் ஒழுங்காக வந்து போயிருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை என்றார். அடுத்த கன்று வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் பால் பணத்தில் கட்ட வேண்டிய தவணையை, நெல்லை அவசரத்துக்கு விற்றுக் கட்டினோம்.

சில மாடுகள் கத்துவதில்லை. கறவையில் திடீரென அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைவது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவது, தீனியை முகர்ந்துவிட்டு நிற்பது, அறையிலிருந்து கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுவது, வாலில் அது காய்ந்து ஒட்டியிருப்பது இவையெல்லாம் அறிகுறிகள். பருவம் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். ஆகவே, இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறை, காலை ஐந்து மணிக்கு ஒரு முறை மாட்டின் பின்புறம் நின்று பார்க்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்ல வேண்டும்.

கொட்டில் சுவரில் ஒரு காலண்டரை மாட்டுங்கள். ஈன்ற நாள், பருவம் தெரிந்த நாள், ஊசி போட்ட நாள் மூன்றையும் எழுதுங்கள். ஊசி போட்டபின் 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரை மறுபடி கவனிக்க வேண்டும். மறுபடி பருவம் வராவிட்டாலும் சினை என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்துக்குள் டாக்டரிடம் சினை பார்த்து உறுதி செய்துகொள்க. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஒரு லிட்டர் வருகிறதே' என்று கறந்துகொண்டே இருந்தால் அடுத்த ஈற்றில் அந்தப் பால் குறைந்துவிடும்.

கன்று விழுந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது தவறு. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் தேவை. கிடேரிக் கன்றைக் காப்பாற்றுகிறவருக்கு நாளைய மாட்டை விலை கொடுத்து வாங்கும் வேலை இல்லை.

வைக்கோல் இருக்கிறது, பசும்புல் இல்லை

நெற்களஞ்சியத்தில் மாட்டுக்குப் பசுந்தீவனம் இல்லை என்பது வேடிக்கைதான். ஆனால் அதுவே உண்மை. அங்குல நிலம் விடாமல் நெல் நடுகிறோம். மாட்டுக்கு வைக்கோல் மட்டும். அதுவும் முன்போல் இல்லை. ஆள் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் வைக்கோல் நீளமாகக் கிடைத்தது. போர் போட்டால் வருஷம் தாங்கியது. இயந்திரம் அறுத்த வைக்கோல் வயலில் நசுங்கிக் கிடக்கிறது. பனியில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சாணம் பிடித்துவிடும். அறுத்த மறுநாளே நன்றாகக் காய வைத்துக் கட்டும் இயந்திரத்தைக் கூப்பிட வேண்டும். கறுத்து நாற்றம் வீசும் வைக்கோலைச் சினை மாட்டுக்குப் போடவே கூடாது.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. அதைச் சத்துள்ளதாக்க ஒரு வழி உண்டு. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கு அடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். திறந்தபின் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, சிறிது சிறிதாகப் பழக்கவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாட்டின் வாய்க்கு எட்டும்படி வைக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு பிழைப்பது அரிது.

பசுந்தீவனத்துக்கு வயலை விட வேண்டாம். குட்டைக் கரை, களத்து மேடு, கொல்லை என்று மேடான இடம் 10 சென்ட் இருந்தால் ஒரு மாட்டுக்குப் போதும். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் கரணை நடலாம். மழைத் தண்ணீர் நிற்கும் இடத்தில் இது அழுகிவிடும். மேட்டில்தான் நட வேண்டும். வரப்போரம் அகத்தியும் வேலிமசாலும் போட்டால் புரதத்துக்குக் குறைவிராது. கரணைக்கும் விதைக்கும் நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

கலப்புத் தீவனத்துக்கு எளிய கணக்கு இது: உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம். 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 4 கிலோ 700 கிராம். அத்துடன் தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. பலர் விட்டுவிடுவது இதைத்தான். பருவம் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மடிநோயும் தட்டைப்புழுவும்

பால் சங்கத்தில் கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். பால் தண்ணீராகவோ திரிதிரியாகவோ வந்தால், உப்புக் கரித்தால், மடிநோய் தொடங்கிவிட்டது என்று அறிக. கறந்ததும் மாட்டைப் படுக்கவிடாமல் அரை மணி நேரம் தீனி போட்டு நிற்க வைத்தாலே பாதி நோயைத் தடுக்கலாம். அப்போதுதான் காம்பின் துவாரம் மூடிக்கொள்ளும். கட்டை விரலை மடக்கிக் கறக்காமல் முழுக் கையால் கறக்க வேண்டும். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறக்கவும்.

முதல் அறிகுறியிலேயே செய்யக்கூடிய கை வைத்தியம் ஒன்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் பரிந்துரைப்பது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்துக்கொள்க. மடியில் உள்ள பாலை முழுதும் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, விழுதில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுதும் பூசவும். நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள் செய்ய வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ மடி கல்லானாலோ டாக்டரைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது. நடமாடும் மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்.

நமது பகுதிக்கே உரிய இன்னொரு எதிரி ஈரல் தட்டைப்புழு. வாய்க்காலிலும் வயலிலும் உள்ள நத்தை வழியாக இது பரவுகிறது. தண்ணீரில் நின்ற புல்லிலும், நெற்பயிரின் அடித்தண்டிலும் ஒட்டிக்கொண்டு மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. மாடு மெலிவது, கழிவது, தாடைக்குக் கீழே பை போல வீங்குவது இதன் அடையாளங்கள். 'தீனி போட்டும் உடம்பு தேறவில்லை' என்றால் சாணத்தைக் கொஞ்சம் எடுத்துப் போய் மருந்தகத்தில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை டாக்டர் சொல்லும் மருந்தைக் கொடுக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்து ஈரப்புல்லில் காலையிலேயே அவிழ்த்துவிடாமல் இருப்பதும் நல்லது. ஆடு வைத்திருப்போருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அத்துடன் ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்கு முன் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி அவசியம். மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடப்படுகிறது. ஊரில் முகாம் என்று தெரிந்தால் அன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டாம்.

குட்டையில் மூன்று மாடி

மீனுக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒரிசாவில் ஹிராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்து காட்டினார். அதற்கு முன் மீன் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை போட்டுப் பிடிக்க வேண்டும். இன்று பண்ணையிலேயே எண்ணி வாங்கி வரலாம்.

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். ஒரே வீட்டில் மூன்று மாடியில் மூன்று குடும்பம் இருப்பதுபோல. ஒன்றுக்கொன்று போட்டியில்லை. 25 சென்ட் குட்டைக்குக் கட்லா 200, ரோகு 150, மிர்கால் 150 என்று மொத்தம் 500 விரலிகள் விடலாம். மூன்று, நான்கு அங்குல நீளமாவது இருக்க வேண்டும். விலை மலிவு என்று கண்ணுக்குத் தெரியாத நுண்குஞ்சுகளை வாங்கி விட்டால் அவை விராலுக்கும் கொக்குக்கும்தான் தீனியாகும்.

சித்திரை, வைகாசியில் குட்டை வற்றும். அப்போதே அடி வெடிக்கும் வரை காய விடவும். விரால், கெளுத்தி எல்லாம் ஒழியும். வண்டலை எடுத்து வயலில் போட்டால் அதுவே ஒரு உரம். பிறகு 25 கிலோ சுண்ணாம்பு, 200 கிலோ சாணம். ஆற்றில் தண்ணீர் வந்ததும் மதகு வாயில் வலை கட்டி நிரப்ப வேண்டும். ஐந்து, ஆறு அடி ஆழம் தேவை. முத்துப்பேட்டைப் பக்கம் உள்ளவர்கள் தண்ணீரில் உப்பின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் குஞ்சு விட வேண்டும். குஞ்சு வந்த பையை அப்படியே கால் மணி நேரம் குட்டையில் மிதக்க விட்டு, பிறகு வாயைத் திறந்து தானாக நீந்திப் போக விடவும்.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி கலந்து, ஊறவைத்து, தட்டில் வைத்துத் தண்ணீரில் இறக்கலாம். 500 மீன்கள் ஆளுக்கு 100 கிராம் இருக்கும்போது நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ போதும். மாதம் ஒரு முறை வலை வீசி எடை பார்த்துக் கூட்டிக்கொள்க.

இனி, எங்கள் பக்கத்து நண்பர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். சாணம் போட்டால் மீன் வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஐப்பசி மாதம் கூடை கூடையாகக் கொட்டினார். நான்கு நாள் வானம் மூடியிருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. 'பசிக்கிறது போலும்' என்று மேலும் இரண்டு படி தவிடு தூவினார். வெயில் ஏறுவதற்குள் கட்லா முழுதும் மல்லாந்துவிட்டது.

அது பசியல்ல, மூச்சுத் திணறல். வெயில் இல்லாத நாளில் தண்ணீரிலுள்ள பாசி போதிய பிராணவாயுவைத் தருவதில்லை. மக்கும் சாணமோ இருப்பதையும் இழுத்துக்கொள்கிறது. விடியற்காலையில்தான் அது மிகவும் குறையும். அப்படிக் கண்டால் உடனே எஞ்சினைப் போட்டுப் புதுத் தண்ணீரை மேலிருந்து பீய்ச்ச வேண்டும். அல்லது குட்டைத் தண்ணீரையே இறைத்து அதிலேயே கொட்ட வேண்டும். அதுவும் இல்லையேல் நாலு பேர் இறங்கித் தண்ணீரை அடித்துக் கலக்க வேண்டும். தீனியும் சாணமும் அன்று கூடவே கூடாது.

சாணம் போடலாமா என்று அறிய ஒரு கருவியும் வேண்டாம். கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் சாணம் போடலாம். பச்சையில் மறைந்தும் மறையாமலும் இருந்தால் அளவு சரி. மணிக்கட்டு நனையும் முன்பே விரல் மறைந்தால் உரத்தை நிறுத்திவிடுங்கள்.

ஆவணியில் விட்ட குஞ்சு சித்திரையில் முக்கால் கிலோவுக்குக் குறையாது. 500-ல் 400 தேறினால் 300 கிலோ மீன். தண்ணீர் வற்ற வற்றக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விற்றால் விலையும் விழாது. குஞ்சுகள் அரையடி வளர்ந்த பிறகு இருபது, இருபத்தைந்து வாத்துகளை அதே குட்டையில் விடலாம். முட்டைக்கு முட்டை, குட்டைக்கு உரம். சுற்றுவட்டாரத்து நத்தையையும் தின்று தீர்க்கும். மாட்டின் தட்டைப்புழுவுக்கு இதுவும் ஒரு வைத்தியம்தானே! ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் யார் சொன்னாலும் வாங்க வேண்டாம். அது தடை செய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் வெளியேறினால் நம் நாட்டு மீன்களை விழுங்கிவிடும்.

காதுத் தோடு

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் அடித்தது. தென்னை சாய்ந்ததைப் பார்த்தவர்கள் கொட்டிலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த மாடுகளையும் பார்த்தார்கள். காப்பீடு செய்யாத மாடு செத்தால், கடன் மட்டும் உயிரோடு இருக்கும். காப்பீடு செய்தபோது போட்ட காதுத் தோடு விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து வேறு தோடு போட்டுக்கொள்ள வேண்டும். தோடு இல்லையேல் பணம் இல்லை என்பது கம்பெனிகளின் விதி. மாடு இறந்தால் டாக்டர் வந்து பார்க்கும் முன் புதைத்துவிடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகாமல் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அதன் உயிரை அதுவே ஓரளவு காத்துக்கொள்ளும்.

விவசாயக் கடன் அட்டை 2018-19 முதல் ஆடு மாடு வளர்ப்போருக்கும் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனச் செலவுக்குக் கந்துவட்டி வாங்குவதற்கு முன் வங்கியில் இதைக் கேளுங்கள். குட்டை வெட்ட மானியம் உண்டா என்று மண்வெட்டி எடுக்கும் முன்பே மீன்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்க. வெட்டிய பிறகு போனால் பயனில்லை.

ஒரு மாடு, 25 சென்ட் குட்டை, அதன் கரையில் புல், நாலு வாத்து. இவற்றில் ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவு. இதற்கெல்லாம் பெரிய முதல் தேவையில்லை. இரவு ஒரு முறையும் விடியற்காலை ஒரு முறையும் கொட்டிலையும் குட்டையையும் நின்று பார்க்கும் பழக்கம் வேண்டும். சுவரில் ஒரு காலண்டர் வேண்டும். இந்த இரண்டும் உள்ள வீட்டில், மேட்டூர் எப்போது திறந்தாலும் அடுப்பு அணையாது.